ரோதைமுனியின் சேவலும் இரண்டு சாதி வல்லூறும்

மேற்பிரிவு,
பூண்டுலோயா.
12.8.1997

ஹட்டனில் இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி அழகன் அவர்களுக்கு, ஆண்டியப்பன் கும்பிட்டு எழுதுவது. அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருக்கும் உங்கள் மருமகள் நிஷாந்திக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. முதல் பிள்ளை தங்காமல் போனதால், இந்தத் தடவையாவது நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று, தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மிஷின்களைக் காக்கிற ரோதைமுனிக்கு நான் ஒரு செஞ்சேவல் நேர்ந்துவிட்டது உங்களுக்குத் தெரியும். அந்தச் சேவலை வல்லூறு தூக்கிவிட்டது. குற்றம் என்னுடையதுதான். பத்து நாளாக எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே அது சுற்றிக்கொண்டிருந்தது. கல்லெடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஸ்கூல் விஞ்ஞான மாஸ்டர் பாலச்சந்திரன், யாழ்ப்பாணத்துக்காரர், வந்து தடுத்தார். “அண்ணை, எறியாதேங்கோ. வல்லூறிலை ரெண்டு சாதி இருக்கு. சின்னன் ஓணானும் எலியும் பிடிக்கிறது. கொண்டை வச்ச பெரிசுதான் கோழி தூக்கும். முதல்லை எதெண்டு பாருங்கோ” என்றார். படித்த மனுஷன் சொல்கிறாரே என்று கழுத்து நோகப் பார்த்தேன். கொண்டை இல்லை, தொண்டையில் ஒரு கோடு. மாஸ்டர் “சின்னன்தான்” என்று முடிவே சொல்லிவிட்டார். விளக்குமாற்றோடு விரட்டப்போன என் பெண்சாதி ராக்காயியைக்கூட, “சும்மா இரு புள்ள, அது ஓணான் திங்கிற சாதி”ன்னு ஏசினேன். நேத்து சேவலக் காணோம். தண்ணிப் பீலிக்குப் பக்கத்துல செவப்பு எறகு மட்டும் கெடக்கு. மாஸ்டர்கிட்ட ஓடினா, புத்தகத்தப் புரட்டிட்டு, “பெரிசுக்கும் தொண்டையிலை கோடு இருக்காம் அண்ணை. பறக்கேக்கை கொண்டையும் தெரியாதாம்”னு மெதுவாச் சொல்றாரு. மொதல்லயே புரட்டியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்? நேர்ந்ததக் காப்பாத்தலன்னு முனி நம்ம புள்ள மேல கைவச்சிருமோன்னு பயமாக் கெடக்கு சம்பந்தி. காலையில இருந்து சோறு எறங்கல.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஹட்டன் சந்தையில் ஒரு செஞ்சேவல் பார்த்து எடுத்து வாருங்கள். மருமகனிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம். சம்பந்தியம்மாவுக்கு என் கும்பிடு. சின்னதுகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மனம் கலங்கிய ஆண்டியப்பன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது ராக்காயி வாசிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு, “அந்தப் பறவைய ஏசாதீங்க. சேவல அறுத்தது நான்தான். நிஷாந்திப் புள்ளைக்கு ஒடம்புல ரத்தமே இல்லன்னு மருத்துவிச்சியம்மா ரெண்டு தடவ சொல்லிட்டாங்க. நீங்க வானத்தப் பாத்துக்கிட்டு இருந்தப்ப சூப்பு வச்சுக் குடுத்துட்டேன். முனி கோவிச்சா என்னயக் கோவிக்கட்டும்” என்கிறாள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது, எதன் சூப்பு என்று கேட்காமல் குடித்திருக்கிறேன். அதனால் சம்பந்தி, சேவல் இரண்டாக எடுத்து வாருங்கள். முனியிடம் நான் பேசிக்கொள்கிறேன். முதல் சேவல் நிஷாந்திக்கு.