ஸ்பீக்கர் அண்ணன் நடத்திய சட்டத் திருவிழா

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அந்த ஏழும் ஒரே நேரத்தில் பசியில் கத்தினாலும் எங்கள் ஸ்பீக்கர் அண்ணன் தொண்டையைச் செருமும் சத்தத்துக்குக் கிட்ட வராது. லக்கலப் பக்கம் யானையை விரட்ட வெடி போடுகிறார்களாம். இந்த மனுசனை ஒரு தடவை கூட்டிப்போய் "வணக்கம்" சொல்ல வைத்திருந்தால் யானைகள் தாமாகவே வேறு மாவட்டத்துக்கு மாறிப் போயிருக்கும்.

கல்யாணம், காதுகுத்து, சாவு, தேர் எதுவானாலும் ஸ்பீக்கர் செட்டை வாடகைக்குக் கொடுப்பது அவர் தொழில். எனக்கு அண்ணன், என் பிள்ளைகளுக்கு மாமா, ஊருக்கெல்லாம் ஸ்பீக்கர். சொந்தப் பேரை அவருடைய பெண்சாதியே மறந்துவிட்டாள். மைக் இல்லாத நேரத்திலும் கையைப் பொத்தி வாய்க்கு முன்னால் வைத்து, ஃபூ ஃபூ என்று ஊதிவிட்டுத்தான் பேசுவார். வீட்டில் தேத்தண்ணி கேட்பதும் அப்படித்தான். ஊதிவிட்டு, "அன்பார்ந்த பெரியோர்களே, ஒரு பிளேன்டீ" என்பார். கேட்க அந்தப் பெண்சாதி ஒருத்தியைத் தவிர வீட்டில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

பல்லேபொலவில் ஒரு கல்யாணத்தில், மைக்கை அணைக்க மறந்து, மாப்பிள்ளையின் தலைமுடி பாதி ஒட்டுமுடி என்று பக்கத்தில் இருந்தவரிடம் ரகசியமாகச் சொன்னார். அந்த ரகசியம் பஸ் நிற்கும் இடம்வரை கேட்டது. மாப்பிள்ளை தொப்பியோடு பந்திக்கு வந்தார். ஸ்பீக்கர் அண்ணன் வாடகையும் வாங்காமல், சாப்பிடவும் செய்யாமல், வாழைத்தோட்டம் வழியாக வீடு வந்து சேர்ந்தார்.

இப்படிப்பட்டவர் சட்டத்துக்குள் கால் வைத்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் தோட்டத்து லய வரிசை வீடுகளிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்க ஒரே ஒரு நல்ல பாதை. பழைய பங்களாவைக் கடந்து போகும். என் மாமியார் காலத்திலிருந்து பிள்ளை பெறப் போவதும், பொணம் போவதும் அந்த வழிதான். பங்களாவை வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டலாக்கிய புதுத் துரை ஒருவர், கீழே ரோட்டோரத்தில் கேட்டுப் போட்டுச் சங்கிலி மாட்டிவிட்டார். த்ரீவீல் ஆட்டோ மேலே வர வழியில்லை. மிளகுக் கொடிகளுக்கு நடுவே சுற்றுவழியில் நடந்துதான் இறங்கவேண்டும். என் கடைசி மருமகளோ வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். ஒவ்வொரு நாளும் அவள் வயிறு பெரிதாக, எனக்கு அந்தச் சங்கிலியும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெண்பிள்ளை வந்தது. கொழும்பில் சட்டம் படிக்கிற பிள்ளை. ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வழக்குப் பார்க்கும் ஆபீஸ் ஒன்று டவுனில் உண்டு. லீவுக் காலத்தில் அங்கே வேலை செய்ய வந்திருந்தது. எங்கள் பாதையைப் பார்த்தது, எல்லாரிடமும் விசாரித்தது, வழக்குக்கு நல்ல இடம் இருக்கிறது என்றது. மறுவாரமே திரும்பிப் போகிறேன் என்று நின்றது. இப்படிப் பொதுக்காரியத்துக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக்கும் தங்கவும் எங்கிருந்தோ ஓர் உதவி வருமாம். அந்த வருசம் அது நின்றுவிட்டதாம். கொழும்பில் பெரிய கம்பனி ஒன்று லீவு வேலைக்கு ஏசி ரூமும் சம்பளமும் தருகிறதாம். கம்பனிக்கு உழைத்தால் சம்பளம், எங்களுக்கு உழைத்தால் பட்டினி. சட்டம் படித்தவர்கள் ஏன் எல்லாரும் கம்பனிப் பக்கமே நிற்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஸ்பீக்கர் அண்ணன் கையைப் பொத்தி ஊதினார்.

"திருவிழா முடியிற வரைக்கும் அம்மனுக்கு நாளுக்கு ஒரு வீடு உபயம் எடுக்கிறோம்ல. லோயரம்மா என்ன, அம்மனை விடவா சாப்பிடப் போகுது?"

"நான் இன்னும் லோயர் இல்லைங்க ஐயா. படிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றது அந்தப் பிள்ளை.

"அம்மன் மட்டும் என்ன, பாஸ் பண்ணியா உக்காந்திருக்கு?"

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டுப் பையை இறக்கி வைத்தது. லீவு முழுவதும் நாளுக்கொரு வீடு என்று அண்ணன் பங்கு போட்டார். அன்றைய சாப்பாடும் டவுனுக்குப் போய்வர பஸ் செலவும் அந்த வீட்டுக்காரர் உபயம். படுக்கை என் காம்பராவில், அதாவது லயத்து அறையில். விடிந்ததும் கோயில் ஸ்பீக்கரில், "இன்றைய சட்ட உபயம், மேட்டு லயம் மாரியாயி குடும்பத்தார்" என்று முழங்குவார்.

உபயம் என்றால் எங்கள் சனங்களைப் பற்றித் தெரியும்தானே. ஒரு வீட்டில் கோழி என்றால் மறுநாள் வீட்டில் கோழியும் முட்டையும். வந்த இரண்டாவது வாரத்திலேயே அந்தப் பிள்ளைக்குச் சட்டைகளைத் தளர்த்திக் கொடுத்தது நான்தான். அது மட்டுமா? உபயக்காரருக்கு முதல் மரியாதை வேண்டாமா? அன்றைக்குச் சோறு போட்ட வீட்டு வழக்கைத்தான் அன்றைக்குப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதம். ஒருத்தர் மச்சான்மேல் வழக்குப் போடச் சொன்னார். ஒருத்தி பக்கத்து வீட்டுச் சேவல்மேல் போடச் சொன்னாள். நான் எல்லாருக்கும் பொதுவான வேலைக்குத்தான் வந்தேன் என்று அந்தப் பிள்ளை எடுத்துச் சொன்னது.

"பொதுவுக்குத்தான் தாயி வச்சிருக்கோம். ஆனா குழம்புல கெடக்கிறது எங்க வீட்டுக் கோழியில்ல?" என்றாள் மாரியாயி.

யூனியன் தலைவர் ஒருவர், கடைசி நாள் உபயம் தனக்குத்தான் என்று சொல்லியனுப்பினார். தேருக்கும் அவருக்குக் கடைசி நாள்தான் வேண்டும். சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்து, லோயரம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, போகும்போது பொன்னாடையையும் கழற்றிக்கொண்டு போனார். அடுத்த தோட்டத்தில் வேறொருவருக்குப் போர்த்தவேண்டியிருந்ததாம்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிக்கமுடியாத காரியம் ஒன்றும் நடந்தது.

எங்கள் தோட்டத்தில் எந்தத் திருவிழா என்றாலும் பங்களாவிலும் போய் உபயம் கேட்பது பரம்பரை வழக்கம். அதை யாரும் யோசிப்பதில்லை, கால் தானாகப் போகும். ஸ்பீக்கர் அண்ணனின் காலும் போனது. துரையும் எதற்கு உபயம் என்று கேட்காமல் ஒரு மூட்டை சம்பா அரிசி கொடுத்தார். அரிசியை எல்லாரும் சேர்ந்து பொங்கி, லோயரம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டோம். கை கழுவிய கையோடு ஸ்பீக்கர் அண்ணன் மைக்கைப் பிடித்தார்.

"பங்களாத் துரை அவர்கள் போட்ட கேட்டை எடுக்க வைக்கும் வழக்குக்கு, இன்றைய உபயம் வழங்கிய பங்களாத் துரை அவர்களுக்கு நன்றி, நன்றி, நன்றி."

அந்தப் பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது.

"எதிராளியோட சோத்தைச் சாப்பிட்டுட்டு எதிராளி மேலயே எப்படிங்க ஐயா பெட்டிசன் எழுதுறது? ஆபீஸ்ல பெரிய லோயருக்குத் தெரிஞ்சா என்னைய இந்த வேலையில இருந்தே எடுத்துருவாரு."

பையில் துணியை மடித்து வைத்தது. என் மருமகள் வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று அதையே பார்த்தாள். ஸ்பீக்கர் அண்ணன் கையைப் பொத்தினார், ஊதினார், பேச்சு வரவில்லை. அவர் ஊதிவிட்டுப் பேசாமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் முதல்தடவையாகப் பார்த்தேன்.

பிறகு, "உபயத்தைத் திருப்பிக் குடுத்துட்டா?" என்றார்.

"சாப்பிட்டதை எப்படிண்ணே திருப்புறது?" என்றேன்.

"ஊரே சாப்பிட்டுச்சு. ஊரே திருப்பட்டும் தங்கச்சி."

வீட்டுக்கு வீடு அரிசி போட்டு மூட்டையை நிரப்பினோம். சுமந்துகொண்டு சுற்றுவழியில் மெயின் ரோட்டுக்கு இறங்கினோம். அங்கே த்ரீவீல் ஒன்றின் தலையில் ஸ்பீக்கர் கட்டி, மாலையும் தப்பு மேளமுமாகக் கேட்டுக்கு முன்னால் போய் நின்றார். சத்தம் கேட்டதும் துரை தனக்குத்தான் மரியாதை வருகிறது என்று நினைத்துவிட்டார். சங்கிலியைத் தன் கையாலேயே கழற்றினார். மாலைக்குக் கழுத்தையும் நீட்டினார். பங்களாப் படியில் மூட்டையை வைத்து, துரை அவர்களின் உபயம் நன்றியோடு திருப்பி ஒப்படைக்கப்படுகிறது என்று அண்ணன் முழங்கினார். துரைக்கு எங்கள் தமிழ் பாதிதான் விளங்கும். விளங்கிய பாதி 'நன்றி' போலிருக்கிறது. சிரித்தார்.

ஊர்வலம் பாதியில் திரும்பக்கூடாது, அது சாமி குற்றம். அதனால் த்ரீவீல் நேராக மேலே ஏறியது. பழைய பாதையில் லயம்வரை வந்தது. மாலையோடு நின்ற துரை கையாட்டி வழியனுப்பினார். பொடியன்கள் எல்லாரும் போனில் படம் பிடித்தார்கள்.

பெரிய லோயரிடம் அந்தப் பிள்ளை நடந்ததை ஒளிக்காமல் சொன்னது. அவர் சிரித்துவிட்டு, தொடர்ந்து செய் என்றாராம். பையிலிருந்த துணி மறுபடி கொடியில் ஏறியது, பெட்டிசன் போனது, அதிகாரிகள் விசாரணைக்கு வந்தார்கள். இங்கே பாதையென்று ஒன்று இருந்ததே இல்லை, ஆடு நடக்கிற தடம்தான், வாகனம் ஏறவே ஏறாது என்றார் துரை. லோயரம்மா போனை நீட்டியது. அதில் த்ரீவீல் ஏறியது, தப்பு அடித்தது, துரை மாலையோடு கையாட்டினார். அதிகாரிகளில் வயதான ஒருவர் எதையோ தேடுவதுபோல் குனிந்து சிரித்ததை நான் பார்த்தேன். சங்கிலியைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது.

மருமகளுக்கு வலி எடுத்தது ஒரு மத்தியானம். த்ரீவீல் வாசலுக்கே வந்தது. முன்சீட்டில் சாரதிக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டு, மைக்கோடு ஸ்பீக்கர் அண்ணன். "வழி விடுங்க, பொதுப்பாதை, பொதுப்பாதை" என்று ஆஸ்பத்திரிவரை கத்திக்கொண்டே போனார். ரோட்டில் வழி விடாதவர் யாருமில்லை. பயத்தில் ஒரு பஸ்ஸே ஒதுங்கி நின்றது.

லோயரம்மா இப்போது நிஜமாகவே லோயர். ஒவ்வொரு லீவுக்கும் யாராவது ஒரு படிக்கிற பிள்ளையை அனுப்புகிறது. முதல் நாள் உபயம் இன்றும் என்னுடையது, யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் விடியலில் அறிவிப்பு இல்லை. அண்ணன் தொண்டையில் கட்டி வந்து, டாக்டர்மார் கட்டியோடு சத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். கடைசிக் காம்பராவில் இருக்கிறார். தேத்தண்ணி கொண்டுபோனால் கையைப் பொத்தி ஊதுகிறார். அதற்குப் பிறகு ஒன்றும் வருவதில்லை. நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருவேன்.

பாப்பா, எழுதினது போதும். அந்தக் கேட்டு வழியா பொறக்கப் போன பிள்ளை நீதான், அதனால நீயே மொதல்லருந்து வாசி. இங்க இல்ல, வாசல்ல போய் நின்னு சத்தமா வாசி, கடைசிக் காம்பராவுக்குக் கேக்கணும். கையைப் பொத்தி ஊதிட்டு ஆரம்பி தாயி. அப்பதான் அவரு காது குடுப்பாரு.