கீரிமலைக் கடலில் விட்ட கல்

சண்டிலிப்பாய்,
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.

என்ரை குஞ்சுத்தம்பிக்கு,

அக்கா பத்மாவதி எழுதிக்கொள்வது. நான் சுகம், பிரஷர் மட்டும் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. உன் சுகத்தையும் அறிய விருப்பம் என்று எழுதத்தான் கை போகிறது. கடிதம் அப்படித்தான் தொடங்க வேணும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். செத்த ஆளுக்கு எழுதுவதென்றால் எப்படித் தொடங்குவது என்று சொல்லித் தருவதற்கு முதலே என்னை ஐந்தாம் வகுப்போடு நிற்பாட்டிவிட்டார்கள். ஆகையால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். அறுபது தாண்டின ஆளைக் குஞ்சு என்று கூப்பிடாதே, நிலவியல் கழகத்து ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள் என்று நீ சொல்லுவாய். இன்றைக்கு அவர்களுக்கு முன்னால், மைக்கில், அப்படித்தான் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

இந்தக் கடிதம் ஏனென்றால், மாதக் கடைசி ஞாயிறு உங்கள் குடாநாட்டு நிலவியல் கழகக் கூட்டம் முடிந்து வந்து, நீ சோற்றைக் குழைத்துக் குழைத்து எல்லாவற்றையும் சொல்லுவாய். யார் வந்து பேசினார், யார் நித்திரை கொண்டார், வடையில் உப்புக் கூடினதா என்று. எனக்குப் பாதி விளங்காது, ஆனால் கேட்டுக்கொண்டிருப்பேன். இன்றைக்குக் கூட்டத்துக்குப் போனது நான். வந்து சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதுதான் எழுதுகிறேன்.

உன் போன் இன்னும் சார்ச்சில்தான் கிடக்கிறது. போன கிழமை அதற்கு ஒரு அழைப்பு வந்தது. "மதிப்புக்குரிய செயலாளர் திரு. பரமலிங்கம் அவர்களே, இம்மாத விருந்தினர் உரைக்குத் தவறாது சமுகமளிக்கவும்" என்று. அனுப்பினது உங்கள் தலைவர் கிறகோரி மாஸ்ரர். உன்னை எரிக்கும்போது சுடலையில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுத அதே மனுசன். அந்த மனுசனுக்கே போன் எடுத்துக் கேட்டேன்.

"அக்கா, அது எல்லாருக்கும் ஒரேயடியாப் போறது. அவன்ரை பேரை அதிலையிருந்து எடுக்க எனக்கு மனம் வரேல்லை" என்றார். பிறகு கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிவிட்டு, "கண்டியிலையிருந்து பேராசிரியை அம்மா வாறா அக்கா. கடைசியா வாறா. அந்தக் கல்லை மறக்காமல் கொண்டு வாங்கோ" என்றார்.

தம்பி, அந்தப் பேராசிரியைக்காக நீ எத்தனை வருசம் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். சுன்னாகப் பக்கத்தில் யாரோ கிணறு வெட்டும்போது வெள்ளைக் கல்லுக்கு நடுவில் கறுத்தக் கல் ஒன்று வந்ததென்று, அதைப் பிறந்த பிள்ளைபோலச் சாரத்தில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தாய். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக் கல், இப்படி ஒரு கல் இங்கே இருக்கவே ஏலாது, இது வானத்திலிருந்து விழுந்தது என்றாய். கிறகோரி மாஸ்ரர் அதைப் பார்த்த அன்றைக்கே, "உது ஆரோ கிணத்துக்கை போட்ட உடைஞ்ச அம்மி" என்றார். அன்றைக்குத் தொடங்கின சண்டை. கிணற்றுத் தண்ணீர் உப்பாகிறதைப் பற்றிப் பேச வந்தவரும், பனையைப் பற்றிப் பேச வந்தவரும், தேத்தண்ணி நேரத்தில் உங்கள் இருவருக்கும் நடுவில் அகப்பட்டு, வானமா அம்மியா என்று தீர்ப்புச் சொல்லாமல் பஸ் ஏறமுடியவில்லையாம். இந்தக் கண்டி அம்மா ஒருத்திதான் கல்லைப் பார்த்த உடனே சொல்லக்கூடியவர் என்று நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாய். அவவும் வாறன் வாறன் என்றா. வர வெளிக்கிட்டால் கொரோனா, பிறகு பெற்றோல் இல்லை, பிறகு வேலைநிறுத்தம், பிறகு வெள்ளம். எல்லாம் முடிந்து பாதை திறந்தபோது உனக்கு நெஞ்சு நோ வந்தது. பங்குனியில் நீ போனாய். ஆனியில் அவ வந்திருக்கிறா. இதை நான் யாரிடம் போய் முறையிடுவது?

சரி, கல்லுக்கு என்ன நடந்தது என்று உனக்குச் சொல்ல வேணும். நீ அந்த இடத்தில் இருந்தாய் என்றுதான் குருக்கள் ஐயா சொல்லுகிறார், ஆனால் நீ எதையும் கவனித்தாயோ தெரியாது. முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு எல்லாரும் கீரிமலைக்குப் போனோம். செத்த ஆளை ஒரு கல்லில் எழுந்தருளப் பண்ணி, பூசை செய்து, பிறகு கடலில் விடுவதுதானே முறை. குருக்கள் ஐயா வழமையாகத் தன் பையில் கொண்டுவாற கல்லை அன்றைக்கு மறந்துவிட்டார். கடற்கரை முழுக்கக் கல்லுத்தான், ஆனால் எல்லாம் வெள்ளை. ஐயாவோ கருங்கல்தான் வேணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். யாழ்ப்பாணத்தில் கருங்கல்லுக்கு எங்கே போவது? நீ இருந்திருந்தால் அந்த இடத்திலேயே அவருக்கு ஒரு விரிவுரை வைத்திருப்பாய். என்ரை மகன், உன் மருமகன் சிவகரன் மட்டும், "மாமா அலுமாரியிலை ஒண்டு வைச்சிருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டான். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்கிறவனுக்கு, ஒரு சாமான் வேணுமென்றால் உடனே கொண்டுவந்து கொடுக்க வேணும், அவ்வளவுதான் தெரியும்.

நான் மடத்துக்குப் பின்னால் சமையல் பார்த்துக்கொண்டு நின்றவள். வந்து பார்க்கிறேன், உன் கல்லுக்குத் தர்ப்பை சுற்றி, பால் வார்த்து, பூ வைத்து இருக்கிறது.

"சிவகரன், உது மாமான்ரை கல்லெல்லோடா!"

"ஓம் அம்மா, அதுதானே மாமாவுக்குப் பொருத்தம்."

"ஐயா, கும்பிட்டுக் கேக்கிறன், வேறை கல்லு மாத்தலாமோ?"

குருக்கள் ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மா, இப்ப இது கல்லில்லை. உங்கடை தம்பி. ஆளை மாத்தச் சொல்லுறியளோ?"

 நானும் குனிந்து உனக்குப் பூப் போட்டேன். சிவகரன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முறைப்படி முதுகுப் பக்கமாகத் தோளுக்கு மேலால் விட்டெறிந்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தான். எல்லே விளையாட்டில் பந்தெறிவதில் பேர்போன கை அது. எவ்வளவு தூரம் போய் விழுந்ததென்று கடவுளுக்குத்தான் தெரியும். பார்க்கக் கூடாதென்பதால் நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை.

கிறகோரி மாஸ்ரர் கல்லைக் கேட்டதும் சிவகரனைக் கீரிமலைக் கடலுக்கு அனுப்பித் தேடுவித்தேன். உரப்பை நிறையக் கல் கொண்டு வந்தான், எல்லாம் வெள்ளை. குருக்கள் ஐயாவின் காதில் அது விழுந்து அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "போய்க்கொண்டிருக்கிற ஆளைப் பாதி வழியிலை மறிக்கிறதோ? கல்லு வெளியிலை வந்தால் அவரும் வந்திடுவார். பிறகு அவருக்கு அங்கையும் இல்லை, இஞ்சையும் இல்லை" என்றார்.  கல்லை எடுத்தால் நீ சொன்னது சரியென்று உலகத்துக்குத் தெரியும். எடுத்தால் நீ போய்ச்சேர மாட்டாய். இந்த இரண்டில் ஒன்றை ஐந்தாம் வகுப்புப் படித்தவள் எப்படித் தெரிவுசெய்வது?

கடைசியில் வெறுங்கையோடு, சிவகரனுக்குப் பின்னால் ஏறித் திருநெல்வேலிக்குப் போனேன். பலாலி வீதியில் ரியூசன் நிலையத்துக்கு மேல்மாடி, அதுதான் உங்கள் மண்டபம் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். நீ சொன்ன மாதிரிக்கு நான் நல்லூர்க் கோயில் மணி மண்டபம்போல ஒன்றை நினைத்திருந்தேன். தேவாரம் பாடினார்கள். உனக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள், அதற்குள் யாருடையதோ போன் சினிமாப் பாட்டுப் பாடியது. அவர் அதை நிற்பாட்டத் தெரியாமல் கக்கத்துக்குள் வைத்து அமுக்கிக்கொண்டு அழுதார். பிறகு வரவேற்புரை, தலைவர் உரை, விருந்தினரை அறிமுகம் செய்கிற உரை, பொன்னாடை. விருந்தினர் பேச எழும்பும்போது பாதிப்பேர் கொட்டாவி. கம்பசில் படிப்பிக்கிற ஆரணிப் பிள்ளைதான் எனக்குப் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தினாள்.

அந்த அம்மா நல்ல மனுசி. திரையில் படம் போட்டுப் பேசினா. எங்கள் நிலம் முழுக்கச் சிப்பியும் பவளமும் கடல் பூச்சிகளும் செத்துச் செத்துப் படிந்து வந்த கல்லாம். செத்ததுகளின் மேல்தான் வீடு கட்டியிருக்கிறோம், அதுகள் தேக்கி வைத்த தண்ணீரைத்தான் அள்ளிக் குடிக்கிறோம் என்று நினைக்க எனக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. இதை நீ ஒருநாளும் சொல்லவில்லையே. சொல்லியிருப்பாய், நான் அடுப்பைப் பார்க்கப் போயிருப்பேன். முடிவில் அவ சொன்னா, இந்த மண்ணில் கறுத்தக் கல் ஒன்று கிடந்தால் ஒன்றில் மனுசர் கொண்டுவந்திருக்க வேணும், இல்லாவிட்டால் வானம் கொண்டுவந்திருக்க வேணும் என்று. எல்லாரும் கிறகோரி மாஸ்ரரைப் பார்த்தார்கள். உன் வெற்றுக் கதிரையைப் பார்த்தார்கள்.

"இப்பொழுது காலஞ்சென்ற செயலாளரின் கல்லை அவரது சகோதரி மேசைக்குக் கொண்டு வருவார்" என்று மாஸ்ரர் அறிவித்தார். மேசையில் சிவப்பு வெல்வெட் துணி விரித்திருந்தார்கள். நான் எழும்பிப் போய் மைக்கைப் பிடித்தேன். "என்ரை குஞ்சுத்தம்பியின்ரை கல்லுக் கடலிலை. அந்தியேட்டியிலை அதைத்தான் தம்பியாக்கிக் கரைச்சுப் போட்டம்" என்றேன்.

 பின்வரிசை வாங்கிலிருந்து ஒரு குரல்: "கல்லுக் கரையுமோ?"

"சுண்ணாம்புக் கல்லெண்டால் காலப்போக்கிலை கரையும்" என்று இன்னொருவர்.

"கரைஞ்சால் அது வானத்துக் கல்லில்லை."

"கரையாட்டிலும் அது அம்மியாயிருக்கலாம்."

உன்னைக் கரைத்தது போய் நீ கரைவாயா இல்லையா என்று விவாதம் நடக்கிறது தம்பி! காந்தம் ஒட்டினதா என்று பேராசிரியை அம்மா கேட்டா. பாதிப்பேர் ஒட்டினது என்றார்கள், பாதிப்பேர் வழுக்கினது என்றார்கள். உன் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். பெருவிரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "படத்தை வைச்சுச் சொல்ல ஏலாதம்மா. கையிலை எடுத்துப் பாத்தால் சொல்லலாம். நான் முந்தியே வந்திருக்க வேணும்" என்றா. அவவின் கண்ணும் கலங்கிப்போச்சு.

அப்போது கிறகோரி மாஸ்ரர் மேசையில் அடித்தார். "குருநகர்ப் பெடியள் முத்தெடுக்கிற மாதிரி மூழ்குவாங்கள். அடுத்த கூட்டத்தைக் கீரிமலையிலை வைப்பம். கையை உயர்த்துங்கோ!" எல்லாக் கையும் மேலே போனது. நான் குருக்கள் ஐயா சொன்னதைச் சொன்னேன். கைகள் ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. மாஸ்ரரின் கை மட்டும் நின்றது.

"மாஸ்ரர், உங்களுக்கென்ன? கல்லு வராட்டில் நீங்கள் வென்ற மாதிரித்தானே" என்றேன்.

"அக்கா, எனக்குத் தோக்க வேணும்" என்றார் அந்த மனுசன், சின்னப் பிள்ளைபோல. "அது அம்மியில்லையெண்டு எனக்கு எப்பவோ தெரியும். ஓமெண்டு சொன்னால் சண்டை முடிஞ்சிடும். அவன் அடுத்த மாதமும் கோவத்தோடை வரட்டும் எண்டுதான் அம்மி அம்மியெண்டு நிண்டனான். ஒருக்கா எடுத்துப் பாத்து, எல்லாருக்கும் முன்னாலை நான் பிழையெண்டு சொல்ல வேணும்."

நான் அவருடைய கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். "இப்ப சொல்லிப் போட்டியள்தானே. அவனை விடுங்கோ, போகட்டும்" என்றேன். நீ சரியென்று ஊருக்குத் தெரிவதைவிட, நீ போய்ச்சேர்ந்தாய் என்று எனக்குத் தெரிந்தால் காணும். அவ்வளவுதான் என் அறிவு. கல்லைத் தேடுவதில்லை என்று தீர்மானம் எழுதினார்கள். கல்லுக் கொண்டு வராத ஆளுக்கு வடை இல்லை என்று நீ போட்ட சட்டத்தை நினைத்து நான் ஒதுங்கி நிற்க, ஆரணிப் பிள்ளை, "அன்ரி, நீங்கள் கடலுக்கே குடுத்தனீங்கள்" என்று இரண்டு வடை தந்தாள். உப்புக் குறைவு.

ஆகவே தம்பி, இனி உன்னைத் தோண்டி எடுக்க ஒருவரும் வரமாட்டார்கள். அங்கே அம்மாவையும் ஐயாவையும் கண்டால், முருங்கை காய்க்கிறது, கூரை ஒழுகவில்லை என்று சொல்லு. அந்த ஊர்க் கல்லைப் பற்றி அவர்களுக்கு நெடுகக் கதையாதே, ஐயாவுக்குப் பொறுமை இல்லை. நல்லூர்க் கந்தன் உன் பக்கத்தில் நிற்கட்டும். எனக்கு இப்போது மனம் இலேசாக இருக்கிறது.

உன்னையே நினைத்திருக்கும்
அக்கா பத்மாவதி.

பிற்குறிப்பு: மேலே எழுதினதை நம்பாதே. கடிதத்தை மடிக்கும்போது கிறகோரி மாஸ்ரர் ஸ்கூட்டரில் வந்து, படலைக்கு வெளியிலேயே நின்று நெளிந்தார். "அக்கா, மண்டபத்திலை கேக்க வெக்கமாப் போச்சு. செத்துப்போன குருநகர் மாமியின்ரை உடைஞ்ச அம்மித் துண்டொண்டு பரமுவிட்டைக் குடுத்தனான், பக்கத்திலை வைச்சுப் பாக்கச் சொல்லி. அச்சு அசல் ஒரே மாதிரி. இப்ப என்ரை மனுசி மார்கிரட் தாயின்ரை நினைவுக்கு அதைத் திருப்பிக் கேக்கிறா" என்றார். அப்படி ஒன்று இங்கே இல்லையே என்று அலுமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில், உன் சேட்டுகளுக்குப் பின்னால், சாரத்தில் சுற்றினபடி ஒரு கறுத்தக் கல். சிவகரனைக் கேட்டால், "நான் மேல்தட்டிலை இருந்ததை எடுத்தனான், கீழை பாக்கேல்லை" என்கிறான். மாஸ்ரர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியேல்லை அக்கா. வித்தியாசம் பரமுவுக்கு மட்டுந்தான் தெரியும்" என்று சொல்லி, கொண்டு போகாமல், தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு இருக்கிறார். பேராசிரியை அம்மா நாளைக் காலை றெயிலுக்குத்தான் போகிறா, கொண்டுபோய்க் காட்டலாம். இது அம்மி என்று சொன்னாவென்றால் நல்லது, நீ கடலில். இது வானத்துக் கல் என்று சொன்னாவென்றால், சேர்ச்சுக்குப் போன குருநகர் வேதக்கார மனுசியின் அம்மிக்கு நாங்கள் பாலூற்றி, பூப் போட்டு, தேவாரம் பாடி அனுப்பியிருக்கிறோம், நீ இன்னும் வெளிக்கிடவே இல்லை. காட்டவும் பயம், காட்டாமல் விடவும் பயம். உனக்கு ஏற்றுகிற விளக்கை எந்தப் பக்கம் பார்க்க வைக்கிறதென்றும் தெரியவில்லை. குஞ்சு, நீ கடலிலையோ, அலுமாரிக்குள்ளையோ?