சாப்பிடாமல் சொன்ன ஓம்

குறைவாகக் கதைக்கிறவனுக்கு அவமானம் வராது என்று சிலர் நினைக்கிறார்கள். பிழை. ஒரு சொல் போதும். என் மானத்தைக் கப்பலேற்றிய சொல், ‘ஆம்’ என்பதற்கு நாங்கள் சொல்கிற ‘ஓம்’.

நான் குருநகரில் கடற்தொழில் செய்கிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. (பள்ளிக்கூடம் அதற்காகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.) எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. காலையில் சாப்பிட்ட பிறகு, கிளினிக் டொக்டரம்மா தந்த மருந்துக் குளிசை ஒன்று. பிறகு நடை. இரண்டையும் மறந்துபோவேன். மனைவி றீற்றா நினைவூட்டுவாள். (அயலுக்கும் சேர்த்துத்தான்.)

தங்கச்சியின் மகள் டிலானி கொம்பியூட்டர் படித்தவள். சீனி வருத்தக்காரரோடு வாயால் கதைக்கிற ஒன்றைப் போனுக்குள் செய்துகொண்டிருந்தாள். எழுதத் தேவையில்லை. எந்தப் பொத்தானையும் அமத்தத் தேவையில்லை. அது கேட்கும், நாங்கள் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இதற்கு முதல் கிளினிக்கில் வேறொரு போனில் இப்படி ஒன்றைக் காட்டியிருந்தார்கள். “நீங்கள் இன்று உடற்பயிற்சி மேற்கொண்டீர்களா?” என்று அது செய்தி வாசிக்கிற தமிழில் கேட்டது. நான் எழும்பி நின்றுவிட்டேன். (பொலிஸ் என்று நினைத்தேன்.)

டிலானி அப்படி விடவில்லை. மீன் சந்தையிலும், கிளினிக்கில் நோயாளர் காத்திருக்கிற வாங்கிலும் போய் இருந்தாள். சனம் எப்படிக் கதைக்கிறது, எங்கே நிறுத்துகிறது என்று கேட்டாள். கடைசியில் அவளுடைய போன், “ஐயா, கொஞ்சம் நடப்பமோ?” என்றது. எங்கள் வீட்டுப் பிள்ளை கேட்கிற மாதிரியே இருந்தது. போனுக்கு மரியாதை பழக்கிய ஒருத்தியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒருநாள் வீட்டுக்கு வந்தாள்.

“மாமா, கொழும்பிலயிருந்து ஆக்கள் பாக்க வருகினம். அவைக்குப் பிடிச்சால்தான் கிளினிக்கில எல்லாருக்கும் குடுக்கக் காசு உதவி செய்வினம். நீங்கள்தான் கதைச்சுக் காட்டோணும்.”

“நானோ?”

“நீங்கள் சொல்லுறதுதான் அதுக்கு நல்லா விளங்குது.”

(நான் சொல்வது ஒரு சொல்தானே.)

றீற்றா சிரித்தாள். “கலியாணத்தண்டு சுவாமி சம்மதமோ எண்டு ரெண்டாந்தரம் கேக்கத்தான் உந்த மனிசன் வாய் திறந்தது. உவரையோ பிள்ளை பிடிச்சனி?”

அந்த நாளும் வந்தது. அன்று வலை கல்லில் சிக்கி, கரைக்கு வரப் பிந்திவிட்டது. குளித்தேன். பெருநாளுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டைப் போட்டேன். நேரே மாதா கோயில் மண்டபத்துக்கு ஓடினேன். வயிற்றில் ஒன்றுமில்லை. றீற்றா முன்னமே போய்விட்டாள். வந்தவர்களுக்கு உருளைக்கிழங்கு வைத்த ரோல்ஸும் தேத்தண்ணியும் அவள் பொறுப்பு.

மண்டபம் நிறைய எங்கள் கிளினிக்காரர். முன்வரிசையில் டொக்டரம்மாவும் கொழும்பு ஆட்களும். டிலானி போனை என் சேட்டுப் பைக்குள் வைத்தாள். அதன் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது.

“ஐயா, காலமைச் சாப்பாடு முடிஞ்சுதோ?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை இவ்வளவு பணிவாகக் கேட்கிறது. வெளியாட்கள் இப்படிக் கேட்டால் நாங்கள் ‘இல்லை’ என்று சொல்வதில்லை. சொன்னால் கேட்டவர் உலை வைக்க வேண்டும். (போன் எங்கே போய் உலை வைக்கும்?)

“ஓம் பிள்ளை.”

“நல்லது ஐயா. அப்ப குளிசையைப் போடுங்கோ.”

போட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

அதன்பிறகு பேச்சுகள். கொழும்புப் பெரியவர் ஒருவர் நீளமாகக் கதைத்தார். குளிசை வயிற்றுக்குள் வேலை தேடிக்கொண்டிருந்தது. ரோல்ஸ் தட்டு எனக்குப் பக்கத்து மேசையில். மணம் மூக்கைத் துளைத்தது. ஆனால் சாப்பிட்டேன் என்று ஒலிபெருக்கியில் சொன்னவன் எப்படிக் கை நீட்டுவது?

பேச்சு முடிய, போன் மறுபடி கூப்பிட்டது.

“கொஞ்சம் நடப்பமோ ஐயா?”

“ஓம்.”

மண்டபத்தைச் சுற்றி நடந்தேன்.

“களைக்குதோ ஐயா?”

“இல்லை பிள்ளை.” (கொழும்பு ஆட்களுக்கு முன்னால் களைக்கலாமோ?)

“தலை சுத்துதோ?”

“இல்லை.”

அது பொய்யில்லை. மண்டபம்தான் சுற்றியது. பிறகு மேசை என்னை நோக்கி வந்தது. நான் ரோல்ஸுக்கு மேல் விழுந்தேன்.

போனுக்கு அது விளங்கவில்லை. “நல்லா நடந்தீங்கள் ஐயா, நாளைக்குச் சந்திப்பம்” என்றது, ஒலிபெருக்கியில்.

கண் விழித்தபோது டொக்டரம்மா விரலில் குத்திச் சீனி பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் வயிற்றில் போட்ட குளிசை சீனியை அடியோடு இறக்கிவிட்டதாம். டிலானி என் தலையைத் தாங்கி, சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியைப் பருக்கினாள். வெள்ளைச் சேட்டில் உருளைக்கிழங்கு.

“இஞ்சேருங்கோ, காலமை சாப்பிட்டனீங்களோ?” என்றாள் றீற்றா.

“இல்லை.”

“மனிசிக்கு இல்லை, போனுக்கு ஓமோ?”

மண்டபம் சிரித்தது. கொழும்புப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

“ஆளை விழுத்திற சாமானை எப்பிடிச் சனத்துக்குக் குடுக்கிறது?”

டிலானியின் முகம் வெளுத்துவிட்டது. எத்தனை மாதம் அலைந்த பிள்ளை.

“பிழை பிள்ளையின்ரை இல்லை, என்ரை” என்றேன். அன்று நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

“இல்லை மாமா. நீங்கள் எல்லாரும் சொல்லுற மாதிரித்தான் சொன்னீங்கள். நான் கேட்ட கேள்விதான் பிழை.”

எழும்பினாள். மண்டபத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“சாப்பிட்டீங்களோ எண்டு இண்டைக்கு ஆரும் கேக்க, சாப்பிடாமலே ஓம் எண்ட ஆக்கள் கையை உயர்த்துங்கோ. நான் ஏசமாட்டன்.”

முதலில் ஒரு கை. பிறகு ஒவ்வொன்றாகப் பின்வரிசை முழுக்க. டொக்டரம்மாவும் மெதுவாக உயர்த்தினார். பெரியவர் திரும்பிப் பார்த்தார். பிறகு அவருடைய கையும் எழும்பியது.

“வாசலில இந்த அம்மா கேட்டவ,” என்று றீற்றாவைக் காட்டினார். “கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டு ஓம் எண்டிட்டன்.”

அதற்குப் பிறகுதான் அவரும் சிரித்தார். “திருத்திக்கொண்டு வாங்கோ பிள்ளை, பாப்பம்.” மேசையில் மிஞ்சிய ரோல்ஸில் ஒன்றை எடுத்தார். (நான் விழாத பக்கம்.)

டிலானி திருத்தினாள். மறுபடி வீடு வீடாகப் போயிருந்தாள். இப்போது அவளுடைய போன் சாப்பாடு முடிந்ததோ என்று கேட்பதில்லை. “இண்டைக்கு என்ன கறி ஐயா?” என்று கேட்கிறது. சாப்பிட்டவன் உடனே சொல்வான். சாப்பிடாதவன் யோசிப்பான். யோசித்தால் குளிசைப் பேச்சே இல்லை. “முதல்ல சாப்பிடுங்கோ, நான் பிறகு வாறன்” என்று ஒதுங்கிவிடும்.

நடக்கும்போதும் அப்படித்தான். களைக்குதோ என்று கேட்பதில்லை. நடந்துகொண்டே ஒரு செபம் சொல்லச் சொல்லும். செபம் நடுவில் மூச்சிரைத்து இழுத்தால் ஓரிடத்தில் இருக்கச் சொல்லும். சைவக்காரரான அச்சுவேலித் தோட்டக்காரருக்குத் தேவாரம். யாருடைய மரியாதையும் கெடவில்லை. யாரும் பொய் சொல்லவும் வழியில்லை. அந்தப் பிள்ளையின் மூளையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

கொழும்பு ஆட்கள் திரும்ப வந்தார்கள். பார்த்தார்கள். உதவி கிடைத்தது. இப்போது கிளினிக் வாங்கில் ஆட்கள் போனுக்குக் கறி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மனிசி சுறா வறை வைக்கிற விதத்தையே முழுதாகச் சொல்லிக் கொடுத்தது. போன் பொறுமையாகக் கேட்டது.

எனக்குத்தான் வீட்டில் நிம்மதி இல்லை. என் ‘ஓம்’ என்ற சொல்லை இப்போது யாரும் நம்புவதில்லை.

“வாசல் படலை பூட்டியாச்சோ?” என்பாள் றீற்றா.

“ஓம்.”

“என்ன கறி?”

“பூசைக்குப் போனீங்களோ?” என்பாள் பிறகு.

“ஓம்.”

“என்ன கறி?”

போன கிழமை மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பொடியன் நல்ல மாதிரித்தான் தெரிந்தான். வேலை நிரந்தரமோ என்று கேட்டேன்.

“ஓம் மாமா” என்றான்.

உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது.

“அப்பா, என்ன கறி எண்டு கேளுங்கோ.”

கேட்டேன். பொடியன் யோசித்தான்.

கலியாணம் இன்னும் முற்றாகவில்லை.