தந்தி அறுந்தால் பயப்படாதே

தைரியம் சொல்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பரீட்சை ஹால் வாசலிலும் ஆபரேஷன் தியேட்டர் வாசலிலும் தாராளமாகக் கிடைப்பார்கள். நமக்குத் தோன்றாத பயங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ‘பயப்படாதே’ என்று சொல்லிவிட்டுப் போவது அவர்கள் தொழில். கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் கஷ்டம். இருந்தால் திருப்பித் திட்டலாமே!

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆராவமுதன் இந்த இனத்தில் முதல் தரம். அவர் மனைவி பெருந்தேவி முப்பது வயதுக்கு மேல் வீணை கற்க உட்கார்ந்தாள். சொல்லிக்கொடுத்த பரிபூரணம் டீச்சர் அவளைவிட இளையவர். வீட்டில் அவள் வாசித்தால் அண்டை அயலார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்பார்கள். ஆனால் நவராத்திரி கொலுவுக்கு வந்தவர்கள் முன் வாசிக்க உட்கார்ந்தபோது ஆராவமுதன் குனிந்து, “விரல் மரத்துப்போனா பயப்படாதே” என்றார். அதுவரை விரலுக்கு அப்படி ஒரு யோசனையே இல்லை. மரத்துப்போயிற்று.

ஆகவே, எண்பத்தெட்டாம் வருஷம் ராஜபாளையத்து மில் ஒன்றின் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டபோது, இதிலும் கை நின்றுவிட்டால் வீணையை உறை போட்டுப் பரணில் ஏற்றிவிடுவதென்று அவள் முடிவு செய்திருந்தாள்.

விழா அன்று ஆராவமுதன் மிளகுப் பால் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் வழியெல்லாம், “எதிர்லே ஜனங்களே இல்லை, வெறும் நாற்காலின்னு நினைச்சுக்கோ” என்றார். மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்ததும், “அடேயப்பா, நாற்காலியே போறலைடி!” என்றார்.

மேடைக்குப் பின்னால் பெருந்தேவியின் கை நடுங்கியது.

“ஆடட்டும் மாமி, கமகத்துக்கு ஆகும்” என்றார் டீச்சர். “மொத வரிய மட்டும் மெதுவா எடுங்க. பொறவு கை தானா வரும். அதுக்கு முன்னால மாமாவ எங்கனயாவது அனுப்பி வைங்க. அவிய முன்வரிசையில இருந்து தாளம் போட்டா நானே தப்பா வாசிப்பேன்.”

அதற்குள் அவரே வந்துவிட்டார். “தேவி, நடுவிலே தந்தி அறுந்தா பயப்படாதே!”

பெருந்தேவி டீச்சரைப் பார்த்தாள், பிறகு அவரை. “ஐயோ, ஏன்னா! ஸ்பேர் தந்தி ஆத்து அலமாரியிலேயே இருக்கே. நீங்க சொன்னப்புறம்தான் ஞாபகம் வரது. அறுந்துட்டா என்ன பண்ணுவேன்?”

“நான் இருக்கேன், பயப்படாதே!”

ஓடினார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டார்.

அவள் வாசித்தாள். முதல் வரி மெதுவாக, கை ஆடியது ஆடியபடி. இரண்டாம் வரியில் கை அவளுடையதாயிற்று. போனஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பின்வரிசை மில் ஆட்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். முன்வரிசையில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. வேறென்ன வேண்டும் ஒரு கலைஞருக்கு?

மங்களம் முடிந்து கைதட்டலும் ஓய்ந்தபின் ஆராவமுதன் வேர்த்து விறுவிறுக்க வந்து சேர்ந்தார். “அலமாரி, பரண், அரிசிப்பானை, ஒரு இடம் விடலை. காணோம்!”

“ஏன்னா, பையிலேயே இருந்திருக்கு.”

“அறுந்துதா?”

“இல்லை.”

“பாத்தியா! நான்தான் சொன்னேனோல்லியோ?” டீச்சர் பக்கம் திரும்பினார். “தைரியம் சொல்ல ஆள் வேணும் டீச்சர்.”

“வேணும்லா மாமா.”

வீணை பரணுக்குப் போகவில்லை. அடுத்த கச்சேரி மம்சாபுரத்தில். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறதே என்பது ஒன்றுதான் இப்போது பெருந்தேவிக்குக் கவலை.

சரி, உங்களை ஒன்று கேட்கலாமா? உங்கள் வீட்டில் பரீட்சை, பெண் பார்ப்பது, பிரசவம் என்று வந்தால், சரியாக அந்த நேரத்துக்குத் தேங்காய் தீர்ந்துபோகிறதா? வாங்கிவர உங்களையே அனுப்புகிறார்களா? தெருமுனைக் கடையில் காய் நன்றாயில்லை, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பாருங்கள் என்கிறார்களா?

போய் வாருங்கள். பயப்படாதீர்கள்.