அறுபதைத் தாண்டாத வண்டி

வண்டி அறுபதைத் தாண்ட மறுத்தது. கண்ணாடிக்காரர் மிதியைத் தரையோடு தரையாக அழுத்திப் பார்த்தார். இன்ஜின் லேசாக முனகியது, முள் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து மச்சானின் கார் பக்கத்தில் வந்து, சீறிக்கொண்டு முன்னால் போனது. ஜன்னலிலிருந்து ஒரு கை டாட்டா காட்டியது.

"உங்க அண்ணன் போறார்," என்றார்.

"பார்த்தேன். போய் நமக்கும் சேர்த்துக் கதவைத் தட்டட்டும்," என்றாள் மனைவி.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மாதம் ஒரு முறை இரு குடும்பமும் மாமனார் வீட்டுக்குப் போகும். சில மாதங்களாக எப்போதும் மச்சான்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். காரில் சாய்ந்து நின்றுகொண்டு, "வாங்க மாப்ளே, வழியில டிராஃபிக்கா?" என்று கேட்பார். ஈ காக்கை இல்லாத சாலை அது.

இரண்டு வீட்டு வண்டிகளையும் பார்க்கும் மெக்கானிக் அம்மாவிடம் முறையிட்டாயிற்று. "வண்டியில ஒரு கோளாறும் இல்ல சார்" என்று அவர் பானெட்டை மூடிவிட்டார்.

கண்ணாடிக்காரர் இணையத்தில் தேடிப் படித்தார். எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று இன்ஜினுக்கு உத்தரவு போடுவது இசியூ என்ற ஒரு சின்னப் பெட்டிதான். கம்பெனிப் பெட்டியைக் கழற்றிவிட்டு வெளியில் விற்கும் பெட்டியை மாட்டினால் வண்டி பறக்குமாம்.

கடையில் விற்பனையாளர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். "இது அப்படியே சொருகுறது. அது ஒயரிங்ல இருந்து எல்லாத்தையும் நீங்களே லேப்டாப்ல செட் பண்ணிக்கிறது. ரேஸ்காரங்க வாங்குவாங்க. நீங்க எங்க ஓட்டுறீங்க?"

"மாமனார் வீட்டுக்கு."

விற்பனையாளர் முதல் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். கண்ணாடிக்காரர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.

"மெக்கானிக் அம்மாகிட்டயே குடுத்துடலாமே," என்றாள் மனைவி.

"கடுகு சைஸ் ஸ்க்ரூவோட தினமும் மல்லுக்கட்டுறவன் நான். இது என்ன பெரிய விஷயம்?"

பெட்டியை மாட்டிச் சாவியைத் திருப்பினார். நின்ற இடத்திலேயே வண்டி அலறியது. பக்கத்து வீட்டுக்காரர் பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஓடிவந்தார்.

"என்ன சார், கிளம்பப் போகுதா, வெடிக்கப் போகுதா?"

"செட்டிங் கொஞ்சம் கூடிப் போச்சு."

லேப்டாப்பில் குறைத்தார். அலறல் நின்றது, ஆனால் சிக்னலுக்குச் சிக்னல் வண்டியும் நின்றது. பெட்ரோலைக் கூட்டினார். நிற்பது போய்ப் புகை வந்தது. பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைப் போர்வை சாம்பல் நிறமானது. அதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து பார்த்தால், ஏசி வேலை செய்யவில்லை. பழைய பெட்டிதான் அதையும் கவனித்துக்கொண்டிருந்ததாம். சும்மா தொங்கிய ஒரு ஒயரை எடுத்து ஏசிக்குக் கொடுத்தார். ஏசி ஜிலுஜிலுவென்று வந்தது. அதற்குப் பிறகு பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது.

மறுநாள் ஒரு பள்ளிக்கூட வாசலில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கை காட்டினார். நிறுத்துவதற்கு பிரேக் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் முகத்துக்கு நேராக ஹாரன் நீளமாக அடித்தது.

"யாரைப் பார்த்து ஹாரன் அடிக்கிற?"

"நான் அடிக்கல சார். பிரேக்தான் பிடிச்சேன்."

"பிரேக் பிடிச்சா ஹாரன் அடிக்குமா?"

"அடிக்கக் கூடாது சார். ஆனா அடிக்குது."

போலீஸ்காரர் உள்ளே உட்கார்ந்து தானே ஒருமுறை மிதித்துப் பார்த்தார். பிறகு இறங்கி, "தள்ளிட்டுப் போ," என்றார்.

வியர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு வந்தவரிடம் மனைவி தண்ணீரை நீட்டினாள். "நாளைக்கு அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். மாப்பிள்ளை கூட வந்தாத்தான் டேபிள்ல படுப்பேன்னு பிடிவாதமா இருக்கார். எதுல கூட்டிட்டுப் போறீங்க?"

கண்ணாடிக்காரர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். மாமனாருக்குக் கண்ணில் புரை என்று முதலில் கண்டுபிடித்ததே அவர்தான். பயப்படாதீர்கள், நான் இருக்கிறேன் என்று கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்.

"அண்ணனை வரச் சொல்லவா?"

"வேண்டாம்," என்று டம்ளரைக் கீழே வைத்தார்.

வேறு வழியில்லாமல், வண்டியை ஒரு ஆட்டோவின் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு மெக்கானிக் அம்மாவின் பட்டறைக்குப் போனார். அவர் ஒயர்களைப் பார்த்தார், பிறகு கண்ணாடிக்காரரைப் பார்த்தார். "புதுப் பெட்டியே இருக்கட்டும். நல்ல பெட்டிதான். சாயங்காலம் வாங்க," என்றார்.

சாயங்காலம் வண்டி பூனைபோலக் கிளம்பியது. புகை இல்லை. பிரேக் பிடித்தால் வண்டி நின்றதே தவிர ஊரைக் கூப்பிடவில்லை. ஏசியும் வந்தது. கண்ணாடிக்காரர் உற்சாகமாகப் பெரிய சாலைக்கு ஏறினார். மச்சானைத் தாண்டும்போது கையை எப்படி ஆட்டுவது என்றுகூட ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொண்டார். நாற்பது, ஐம்பது, அறுபது.

அறுபது.

மிதியை அழுத்திய கால் வலிக்கத் தொடங்கியதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு பட்டறைக்கே வந்தார்.

"பெட்டியையே மாத்தியாச்சு. அப்புறமும் அறுபதுலயே நிக்குதே, எப்படிம்மா?"

மெக்கானிக் அம்மா பழந்துணியில் கையைத் துடைத்தார். வாசல் பக்கம் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொன்னேன்னு வீட்டுல சொல்லிடாதீங்க சார். உங்க வீட்டம்மா அறுபதுக்கு மேல போகவே கூடாதுன்னுட்டாங்க. உங்க மச்சான் சம்சாரம்தான் கொஞ்சம் மனசு எறங்கி எண்பது வரைக்கும் விட்டாங்க."