எண்பத்துநாலு கிலோவும் நான் பார்க்காத ஒரு குத்தும்

குண்டாக இருக்கும் பெண்ணுக்கு ஊரில் எல்லாரும் டாக்டர்கள்தான். கல்லூரியில் படித்தபோது நான் எண்பத்துநாலு கிலோ. காட்டுமன்னார்கோயிலில் டவுன் பஸ் ஏறி சிதம்பரத்தில் இறங்குவதற்குள் யாராவது ஒருவர் கொள்ளு ரசம் குடிக்கச் சொல்லிவிடுவார். என் பெயர் பூங்கொடி. (பெயர் வைத்தபோது அப்பாவுக்கு எதிர்காலம் தெரியாது, பாவம்.)

அப்படிப்பட்ட என்னைக் கல்லூரி மைதானத்தில் ஒருநாள் பாக்சிங் மாஸ்டர் பார்த்தார். ரொம்ப நாளாகத் தேடிய பொருள் கண்ணில் பட்டவர்போல அப்படியே நின்றுவிட்டார். "எவ்ளோம்மா வெயிட்டு?" என்றார். அந்தக் கேள்வியை ஒரு மனிதர் என்னிடம் ஆசையாகக் கேட்டது அதுவே முதல்தடவை. சொன்னேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

விஷயம் இதுதான். கடலூரில் மாவட்டப் போட்டி நடக்கப்போகிறது. பெண்களில் நாற்பத்தெட்டு கிலோ, அறுபது கிலோப் பிரிவுகளுக்கெல்லாம் ஆட்கள் முட்டி மோதுகிறார்கள். எண்பத்தொரு கிலோவுக்கு மேல் என்ற பிரிவில்தான் ஆளே இல்லை. நான் கையுறை மாட்டி மேடையில் ஏறி நின்றால் போதும், எதிராளி வரவில்லை என்று என் கையைத் தூக்கித் தங்கப் பதக்கத்தைக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் கல்லூரிக்கும் ஒரு தங்கம் கூடும். "நீ யாரையும் அடிக்க வேணாம்மா, நின்னா போதும்" என்றார் மாஸ்டர். நிற்பது எனக்கு நன்றாக வரும். சம்மதித்தேன்.

சும்மா நிற்கவும் பயிற்சி உண்டு என்பது மறுநாள்தான் தெரிந்தது. உள்ளங்கையில் மாட்டிக்கொள்ளும் சின்ன மெத்தை போன்ற ஒன்றைக் கொடுத்தார்கள். பேட் என்று பெயர். நான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், மற்றவர்கள் வரிசையாக வந்து அதில் குத்துவார்கள். குத்தினால் பின்னால் போகாத ஒரே ஆள் நான்தான் என்பதால் அந்த வேலை எனக்கே நிரந்தரமாகிவிட்டது. இப்படித்தான் எல்லா எடைக்காரர்களின் அடியையும் என் கையாலேயே அளந்து பார்க்கும் பாக்கியம் கிடைத்தது.

முதலில் வந்தவள் ஜெனிபர், கடலூர் முதுநகர்ப் பெண், நாற்பத்தெட்டு கிலோ. என் பாதி மாதிரி இருப்பாள். அவள் அடி பெரிதாக வலிக்காது. ஆனால் எண்ணவே முடியாது. சூடான எண்ணெயில் கடுகு போட்டதுபோல இரண்டு கையிலும் படபடவென்று விழும். ஒன்று விழுந்துவிட்டது என்று மூளை சொல்வதற்குள் அடுத்தது விழுந்து, அவள் நகர்ந்து பக்கத்தில் போய் நிற்பாள். அடுத்தது லால்பேட்டை ரஹ்மத், அறுபது கிலோ. அவளுடைய இடது கைக் குத்து பக்கவாட்டிலிருந்து வரும். வந்தால் என் மணிக்கட்டு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் திரும்புவோம். கடைசியாகத் தொண்ணூறு கிலோ சீனியர் அண்ணன் ஒருவர். அவர் குத்து கிளம்புவதைப் பார்க்கலாம், வருவதைப் பார்க்கலாம், நடுவில் சாமி கும்பிட்டுக்கொள்ளவும் நேரம் இருக்கும். ஆனால் பட்டால், ரிவர்ஸ் எடுக்கும் பஸ் வந்து மோதியதுபோல முதுகெலும்பு வரைக்கும் இறங்கும்.

அன்றைக்கே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். எடைதான் அடி. மற்றதெல்லாம் சும்மா பூச்சி காட்டுவது.

பயிற்சி முடிந்து மர நிழலில் உட்கார்ந்து, நாக்-அவுட் வீடியோக்களாகப் பார்ப்போம். மலை மாதிரி மனிதர்கள் ஒரே அடியில் சரிவதைக் காட்டி "பாத்தியா எடைய?" என்பேன். ஜெனிபர் உடனே சின்ன எடைக்காரர்களின் வீடியோவைப் போடுவாள். அதில் விழுபவனுக்குத் தான் விழுந்தது தரையில் கிடக்கும்போதுதான் தெரியும்.

"என் கிலோவுக்கு நான் அடிக்கிற மாரி உங்க கிலோவுக்கு நீங்க அடிச்சீங்கன்னா செவுரு இடிஞ்சிரும்க்கா" என்பாள்.

ரஹ்மத் எப்போதும் நடுவில். எடையோடு வேகமும் வேண்டும், இல்லாவிட்டால் நிறுத்தி வைத்த லாரிதான் என்று அவள் சொன்னாள். நிறுத்தி வைத்த லாரியில் போய் மோதினால் யாருக்கு அடிபடும் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டாள். அந்த வெற்றி எனக்கு ரொம்ப நாள் போதுமானதாக இருந்தது.

போட்டி நெருங்கியபோது ஓர் அபாயம் வந்தது. பேட் பிடித்துப் பிடித்து நான் இளைத்துவிட்டேன். எண்பத்தொன்றுக்குக் கீழே போனால் ஆள் நிறைந்த பிரிவில் போய் விழுவேன். மாஸ்டர் பதறிப்போய் எங்கள் அம்மாவுக்கே போன் செய்து, பிள்ளைக்குச் சாப்பாடு ஜாஸ்தியாகப் போடச் சொன்னார். உலகத்தில் ஒருவராவது இப்படிச் சொன்னாரே என்று அம்மா அழாத குறை.

எடை பார்க்கும் காலையில் கடலூர் மைதானத்தில் எல்லாரும் எடையைக் குறைக்கப் படாதபாடு பட்டார்கள். ஜெனிபர் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடினாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, வாயில் ஊறியதையும் துப்பினாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து வாழைப்பழச் சீப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் என்னைத் தாண்டும்போது அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு எடைப்பிரிவே கிடையாது.

இதற்குள் எங்கள் வீட்டார் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். தங்கம் உறுதி என்று நான்தான் சொல்லியிருந்தேன். அப்பா, அம்மா, அத்தை, சித்தப்பா குடும்பம், எல்லாருக்கும் முன்னால் புதுச்சட்டையில் முருகேசன் மாமா. அம்மாவின் தம்பி. எனக்கு இத்தனை வருடங்கள் கொள்ளு ரசம் சிபாரிசு செய்தவர்களின் தலைவர். அன்றைக்கு அவரே கையில் போனோடு நின்று, "எங்க அக்கா பொண்ணு, ஹெவி வெயிட்டு" என்று போவோர் வருவோரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் எடையை அவர் பெருமையாகச் சொன்னதைக் கேட்டபோது உரித்த வாழைப்பழத்தை அப்படியே கீழே வைத்துவிட்டேன். இவர்கள் முன்னால் மேடை ஏறிக் கையைத் தூக்கிவிட வேண்டும், அதுபோதும் என்று நினைத்தேன்.

அப்போது மாஸ்டர் வந்தார். முகம் சரியில்லை. கடைசி நேரத்தில் விருத்தாசலம் பக்கமிருந்து ஒரு பெண் வந்து பெயர் கொடுத்துவிட்டாள் என்றார்.

போய்ப் பார்த்தேன். மரத்தடியில் உட்கார்ந்து டிபன் பாக்சில் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெயர் தேன்மொழி. என்னைவிட வயதில் சின்னவள், உடம்பு என் அளவு, முகம் குழந்தை மாதிரி. பஸ் கிடைக்காமல் அலைந்து வந்தாளாம். எனக்கு ஏனோ அவள்மேல் பாசம் பொங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"பயப்படாதம்மா, நான் மெதுவாதான் அடிப்பேன்" என்றேன்.

"சரிங்க்கா" என்றாள். ஒரு வாய் புளிசாதமும் கொடுத்தாள்.

மேடை ஏறினோம். தலைக்கவசம், வாயில் ரப்பர் கவசம், கையில் சிவப்பு உறை. மாமா மேடைக்குக் கீழே வீடியோ எடுக்கத் தயாரானார். மணி அடித்தது. மாஸ்டர் கற்றுக்கொடுத்தபடி நான் கையை உயர்த்தி இரண்டடி முன்னால் போனேன். தேன்மொழி அசையாமல் நின்றாள். பாவம், பயந்துவிட்டது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

அதற்கு அடுத்த ஞாபகம் வானம்.

நல்ல நீலம். இரண்டு காக்கைகள் பறந்தன. முதுகுக்குக் கீழே மேடை வெதுவெதுப்பாக இருந்தது. எங்கேயோ ஒருவர் ஒன்று, இரண்டு என்று ஆங்கிலத்தில் எண்ணினார். யாரோ விழுந்துவிட்டார்கள் போலிருக்கிறது, யார் என்று பார்க்கத் தலையைத் தூக்கினேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து நின்றுவிட்டேன், அதைச் சொல்லியாக வேண்டும். வலிகூட இல்லை. எனக்குள் இருந்தது ஒரே ஒரு ஆச்சரியம்தான். எண்பத்துநாலு கிலோவைப் படுக்க வைத்த ஒரு பெரிய காரியம் என் முகத்துக்கு நேராக நடந்திருக்கிறது, நான் அதைப் பார்க்கவில்லை. கோயில் வரைக்கும் போய்த் திரை போட்டிருந்த மாதிரி ஒரு ஏக்கம். நடுவர் குனிந்து, "என்னம்மா, முடியுமா?" என்றார். நான் வாயிலிருந்த ரப்பரை எடுத்துவிட்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டேன்.

"சார், நான் பாக்கல. இன்னொரு தடவ அடிக்கச் சொல்றீங்களா?"

கயிற்றுக்குப் பக்கத்தில் அறிவிப்பாளரின் மைக் திறந்தே இருந்திருக்கிறது. மைதானம் முழுக்க, வெளியே கரும்பு ஜூஸ் கடை வரைக்கும் என் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. நடுவர் இரண்டு கையையும் ஆட்டிப் போட்டியை நிறுத்தினார். அவர் சிரிப்பை அடக்க முயன்றதை மட்டும் நான் தெளிவாகப் பார்த்தேன்.

தேன்மொழி கையுறையைக் கழற்றாமலே ஓடிவந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டாள், கண்ணில் நீர். நான் என் சந்தேகத்தைக் கேட்டேன்.

"எந்தக் கைம்மா அது?"

"ரெண்டுந்தாங்க்கா" என்றாள், கூச்சத்தோடு.

ஒன்றைத்தான் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். இரண்டைப் பார்க்கவில்லை. ஜெனிபரின் கையும் ரஹ்மத்தின் திருப்பமும் சீனியர் அண்ணனின் பஸ்ஸும் ஒரே உடம்பில், புளிசாதம் சாப்பிட்ட கையில். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கீழே வந்தால் ஜெனிபரும் ரஹ்மத்தும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் இடது என்றாள் ஒருத்தி, வலது என்றாள் மற்றவள். எடைதான் அடியா, வேகந்தான் அடியா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லும் நிலையில் நான் இல்லை.

அப்பா மட்டும் என் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அந்தப் பொண்ணு பஸ்சுலயா போவுது? நம்ம வேன்ல ஏத்திக்கலாமே" என்றார். போட்டிக்கு வந்ததே இரண்டு பேர் என்பதால் எனக்கு வெள்ளிப் பதக்கம். தேன்மொழியின் தங்கமும் என் வெள்ளியும் ஒரே வேனில் சேத்தியாத்தோப்பு வரைக்கும் வந்தன. வழியில் அவளுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்த மாமா, அவள் கையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்டுத் தொட்டுப் பார்த்தார்.

மாமா எடுத்த வீடியோவாவது இருக்கிறதே என்று வீட்டுக்கு வந்ததும் கூடி உட்கார்ந்தோம். மெதுவாக ஓட்டினோம், நிறுத்தி நிறுத்தி ஓட்டினோம். ஒரு படத்தில் தேன்மொழியின் கை இடுப்புக்கு அருகே இருக்கிறது. அடுத்த படத்தில் நான் சாய்ந்துகொண்டிருக்கிறேன். நடுவில் ஒன்றுமே இல்லை. அதற்கப்புறம் மாமா அலறிப் போனைத் தூக்கியதால் அவருடைய மூக்குதான் இருக்கிறது. என்னால் மட்டுமல்ல, செல்போனாலும் பார்க்க முடியவில்லை என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதைக் கோட்டைவிட்டாலும் பதில் ஒன்றுதான். பால் பொங்கி வழிந்தால் அம்மா, "நான் பாக்கல, இன்னொரு தடவ பொங்கச் சொல்லு" என்பாள். என் கல்யாணத்தில் தாலி கட்டிய நொடியில் எங்கோ திரும்பியிருந்த மாமா, மணமேடைக்கு வந்து என் கணவரிடம், நான் பாக்கல மாப்ள, இன்னொரு தடவ கட்டுறீங்களா என்று கேட்டார். அதற்கு மண்டபமே சிரித்தது. ஒன்றும் புரியாத என் கணவருக்கு அன்று இரவு பாதிக் கதை சொன்னேன், மீதியை அப்பா வீடியோவோடு சொன்னார்.

தேன்மொழி இப்போது மாநிலப் போட்டிகளுக்குப் போகிறாள். எங்கள் வீட்டுப் பெண் மாதிரிதான். பக்கத்து ஊர்களில் அவள் ஆடினால் நான் முதல் வரிசையில் இருப்பேன். கண்ணை இமைக்கக் கூடாது என்று சபதம் செய்துகொண்டுதான் உட்காருவேன். ஒருமுறை தும்மல் வந்தது, ஒருமுறை போட்டோ எடுப்பவர் குறுக்கே வந்தார், மற்ற சமயங்களில் எந்தச் சாக்கும் இல்லை, வெறுமனே பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் எதிராளி மட்டும் படுத்திருப்பாள்.

போன மாதம் கடலூரில் ஆடினாள். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து கணவரின் குரல் வந்தது.

"இன்னா, இந்த வாட்டியாச்சும் பாத்தியா?"

"ரெண்டாவது கையப் பாத்தேங்க" என்றேன்.

அவர் எழுந்து வந்து கை கொடுத்தார்.