முப்பத்தொரு குண்டூசி

"என் கடை மேல எதுக்குய்யா குத்துறே?"

சுகாதார ஆபீஸ் சுவரில் மலாக்கா வரைபடம். அதில், காஜா பேராங் தெருவில், கலியாணசுந்தரத்தின் கோப்பிக்கடை மேல் பத்தொன்பது சிவப்புக் குண்டூசிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

"நான் குத்தலண்ணே, ஃப்ளூ காய்ச்சல் குத்துது," என்றான் நோய்க் கணக்கு எழுதும் கிராணி நடராஜன். "ஒரு நோயாளிக்கு ஒரு ஊசி. மத்த தெருவுல ஒண்ணு ரெண்டுதான். கிருமிக்கு உங்க கடைதான் தலைமையகம்."

"எந்தப் பயலுக்குக் காய்ச்சல்? பேரச் சொல்லு!"

"பேரு ரகசியம். ஒரு வாரத்துல ஊசி குறையலேன்னா லைசென்ஸ் போயிரும்."

அது 1957 ஜூன். வெள்ளைக்காரனுக்கே மலாயாவை விட்டு மூட்டை கட்ட ஆகஸ்ட் வரை தவணை. தனக்கு ஒரு வாரம்தானா என்று கலியாணசுந்தரத்துக்கு மூக்கு சிவந்தது.

மறுநாள் கடைவாசலில் அண்டா நிறைய வெந்நீர் கொதித்தது. கோப்பி ஊற்றும் மங்குகளை ஒவ்வொன்றாக ஊர் பார்க்கக் கழுவினார். ஊரும் பார்த்தது. "ஒண்ணுமில்லாமயா இப்படித் தேய்க்கிறாரு?" என்று பசியாற வந்தவர்கள் எதிர்க்கடைக்கு நடந்தார்கள்.

குண்டூசி இருபத்துநாலு.

ஆத்திரத்தில் கடையை இழுத்து மூடினார். "போச்சு, ஆளு படுத்துட்டாரு," என்றது தெரு.

இருபத்தெட்டு.

மனைவி கோகிலாவைத் தெங்கேராவில் அவள் அக்காள் வீட்டுக்கு அனுப்பினார். "காய்ச்சல் எனக்கில்ல, உங்க மூளைக்கு," என்று அவள் பெட்டியைத் தூக்கினாள். குடியிருந்த கடை மாடியையும் பூட்டிவிட்டு, தானும் மச்சான் வீட்டில் போய்ப் படுத்தார்.

முப்பத்தொன்று! வாரமும் முடிந்தது.

"டேய்! பூட்டுன கடைக்குள்ள யாருடா இருமுறான்? கரப்பான்பூச்சியா?"

"ரெக்கார்டு அப்படித்தாண்ணே சொல்லுது." நடராஜன் லைசென்ஸுக்குக் கையை நீட்டினான்.

பதினெட்டு வருஷக் கடை. கலியாணசுந்தரம் ஆபீஸ் மேசையில் ஓங்கிக் குத்தினார். மேசைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

அப்போது தபால்காரர் ஜெயபாலன் ஒரு கட்டுக் கடிதத்தோடு அவரைத் தேடிக்கொண்டு மூச்சிரைக்க உள்ளே நுழைந்தார்.

"ஏண்ணே, கடையப் பூட்டிட்டா இதையெல்லாம் நான் எங்க போடுறது? புக்கிட் காதில் பக்கத்துலேருந்து உஜோங் பாசிர் வரைக்கும், கதவு நம்பர் இல்லாத கம்பத்துக் குடிசைக்காரன் அத்தனை பேரும் கடிதத்துக்கும் சரி, ஆஸ்பத்திரிக்கும் சரி, உங்க கடை அட்ரஸத்தானே குடுக்கிறான்! 'கூச்சப்படாம குடுங்கடா, நான் இருக்கேன்'னு சொன்னது நீங்கதானே?"